தண்டபாணியை மணல் விடவில்லை

மஸ்கட்டில் வண்டி வைத்திருந்த தமிழர்கள் எல்லாருடைய போனிலும் ஏசுவடியானின் நம்பர் இருந்தது. நாசரேத்துக்காரர், கராஜ் ஒன்றில் ஃபோர்மேன், நாற்பத்தெட்டு வயது, பேச்சு கம்மி, கை பெரிது. யாருடைய வண்டியாவது பாலைவனத்தில் புதைந்துவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள், அவரும் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு தன்னுடைய பழைய ஃபோர் வீல் டிரைவில் கிளம்பிவிடுவார், போய்ச் சேர்ந்ததும் புதைந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார், சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி குனிந்து வயிற்றுப் பக்கம் பார்ப்பார், டயர்களில் காற்றைப் பாதிக்கு இறக்குவார், சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டுப் பலகை போடுவார், கயிற்றை மாட்டுவார், இழுப்பார், வண்டி வரும். பதினேழு வருஷத்தில் வராத வண்டி என்று ஒன்று கிடையாது. மேட்டின் முகட்டில் தராசு போல ஆடிக்கொண்டு நின்றது வந்திருக்கிறது, கதவு வரை புதைந்தது வந்திருக்கிறது, ஒரு தடவை ஒட்டகம் ஏற்றிய லாரி ஒன்று ஒட்டகம் இறங்காமலே வந்திருக்கிறது.

அதனால் அந்த ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், பிதியா ஊரைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் உள்ளே கூடாரத்தைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தண்டபாணி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கால் வரவில்லை என்று சொன்னதைக் கேட்டு ஏசுவடியான் கொஞ்சமும் பதறவில்லை.

அவர்கள் மூன்று பேர். ஏசுவடியான், மஸ்கட்டின் ரூவி பகுதியில் சின்ன கஃபட்டீரியா நடத்துகிற கடையநல்லூர் ஹபீபுல்லா, தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்த தண்டபாணி. ஒன்பது வருஷமாக, குளிர்காலம் வந்தால் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை மாலை புறப்பட்டு, மணல்மேடுகள் மேல் வண்டி ஏற்றி இறக்கி, கறி சுட்டுத் தின்று, கூடாரம் போட்டுத் தூங்கி, மறுநாள் திரும்பிவிடுவார்கள். மூன்று பேரின் குடும்பமும் ஊரில். யாரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்வதில்லை.

"என்னடே, மரத்துப் போச்சா?" என்றார் ஏசுவடியான்.

"மரக்கலீங்ணா. நல்லாத்தான் இருக்குது. மணலு விட மாட்டேங்குதுங்."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் அவன். ஜனவரி மாதத்துக் காலை மணல் மண்பானை போலக் குளிர்ந்திருக்கும், அதில் பாதத்தை வைத்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடிக்கும். ஹபீபுல்லா சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். தண்டபாணி எழுந்து நின்றான், ஆனால் நின்ற இடத்திலேயே நின்றான். கணுக்கால் வரைகூடப் புதையவில்லை, பாதத்தின் மேல்பக்கம் முழுவதும் வெளியே தெரிந்தது, விரல்களை அவன் ஆட்டிக் காட்டினான், ஆனால் உள்ளங்கால் மட்டும் பிரியவில்லை.

ஏசுவடியான் அவனை ஒரு சுற்று சுற்றி வந்தார். மண்வெட்டியை எடுத்துப் பாதத்தைச் சுற்றித் தோண்டினார். ஒரு முழம் தோண்டினார், இரண்டு முழம் தோண்டினார், சுற்றிலும் இருந்த மணல் சரிந்து சரிந்து வந்ததே தவிர, உள்ளங்காலுக்குக் கீழே இருந்த மணல் பாதத்தின் அளவுக்கே இரண்டு தூணாக உதிராமல் நின்றது, கையால் தட்டினால் கருங்கல் மாதிரி இருந்தது, அதன் அடி எங்கே என்று தெரியவில்லை.

"வலிக்காடே?"

"இல்லீங்ணா. யாரோ பாதத்தை உள்ளங்கையில ஏந்தி வச்சிருக்கற மாதிரி இருக்குது."

பிறகு அவர் வண்டியின் முன்னால் இருந்த வின்ச் என்ற இழுவை உருளையின் கயிற்றை அவிழ்த்தார். தண்டபாணியின் இடுப்பிலும் நெஞ்சிலும் படுக்கை விரிப்புகளைச் சுற்றி, அதன் மேல் அகலமான பெல்ட்டைக் கட்டி, கயிற்றை மாட்டி, குழந்தைக்குத் தொட்டில் ஆட்டுகிற நிதானத்தில் இழுக்க ஆரம்பித்தார். கயிறு விறைத்தது. தண்டபாணி வரவில்லை. வண்டியும் நகரவில்லை. ஆனால் ஏதோ வந்துகொண்டிருந்தது. கயிறு உருளையில் சுற்றிக்கொண்டே இருந்தது, தூரத்தில் நின்ற காஃப் என்ற பாலை மரம் கொஞ்சம் கிட்டத்தில் தெரிந்தது, மணல்மேடுகளின் முகடுகள் வளைந்தன, தரை முழுவதும் நுனியைப் பிடித்து இழுத்த போர்வை போல மெதுவாக, சத்தமில்லாமல், அவர்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. ஹபீபுல்லா, "வே, நிப்பாட்டும்!" என்று கத்தினார்.

அரைமணி நேரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் வந்தது. அதிலிருந்து குதித்தவன் ஹமத், மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆடுகளோடும் பெண்டாட்டி பிள்ளைகளோடும் இருக்கிற பெதூயின், பாலைவனத்து அரபி, இவர்களுக்கு முகப்பழக்கம் உண்டு. அவனுடைய கிணறு பதினாலு அடி தள்ளிப் போய்விட்டது, அடுப்பு ஆட்டுப் பட்டிக்குள் வந்துவிட்டது, அண்ணன் வீட்டு வாசலுக்கு நேராக இருந்த பாதை இப்போது அண்ணன் வீட்டுச் சுவரில் முட்டி நிற்கிறது. யார் இழுத்தது என்று கேட்கத்தான் வந்தான். கயிற்றைப் பார்த்தான், தண்டபாணியைப் பார்த்தான், குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தான், கோபம் போய்விட்டது. அரபியும் இந்தியும் கலந்த வளைகுடாப் பேச்சில், "பாய், இழுக்காதே," என்றான். "இவன் வரமாட்டான். நாங்கள்தான் வருவோம்."

இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறதா என்று ஹபீபுல்லா கேட்டார். தன் சித்தப்பாவின் ஒட்டகம் ஒன்றை மணல் ஒரு கோடை முழுக்கப் பிடித்து வைத்திருந்ததாக ஹமத் சொன்னான். பிறகு என்ன ஆனது என்று கேட்டதற்கு, "மணலுக்குப் போதும் என்று தோன்றினால் விடும்," என்று சொல்லிவிட்டுத் தன் அடுப்பைப் பார்க்கப் போனான்.

ஏசுவடியான் அன்று சாயங்காலம் வரைக்கும் கயிற்றைச் சுருட்டாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராத தண்டபாணியைத் தேடிக் கம்பெனி மேனேஜர் வந்தார், ஏனென்றால் ஸ்டோர் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. தோல் ஷூவோடு மணலில் தள்ளாடி நடந்து வந்து, சாவியை வாங்கிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், அவன் முயன்றதை மரியாதையோடு பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், பொழுதுபோக்காக வண்டி ஓட்டுகிறவர்கள் தெரியாமல் மோதிவிடக்கூடாது என்று அவனைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, வெளிச்சம் பட்டால் மின்னுகிற பலகை ஒன்றையும் நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு டாக்டர் வந்தார், காலில் நாடி பிடித்துப் பார்த்து, இரத்த ஓட்டம் தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஏசுவடியானை ஓரமாகக் கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஏசுவடியான் அதைத் தண்டபாணியிடம் போய்ச் சொன்னார். தண்டபாணி அதைப் பற்றி ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, "கால மணலுக்குக் குடுத்துப்போட்டு மிச்சத்தை வச்சு என்னங்ணா பண்றது, இங்கியே இருக்கறனுங்," என்றான்.

அப்படியாக அவன் அங்கேயே இருந்தான். நாற்காலியில் உட்காருவான், அலுத்தால் நிற்பான். ஏசுவடியான் கட்டில் ஒன்றின் கால்களை அளவு பார்த்து அறுத்துக் கொண்டுவந்து போட்டார், பாதம் தரையில் இருக்கும்படி குறுக்காகச் சாய்ந்து அதில் தூங்குவான். மேலே கூடாரத் துணி கட்டினார்கள். மற்றக் காரியங்களுக்கு ஹபீபுல்லா ஒரு ஏற்பாடு செய்தார், அதைப் பற்றி யாரும் வெளியே பேசவில்லை.

செய்தி பரவியது. மஸ்கட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடி முறை போட்டுக்கொண்டார்கள், திங்கட்கிழமை இட்லி ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஹபீபுல்லாவின் பிரியாணி, புதன்கிழமை இன்னொரு வீட்டுத் தயிர்சாதம் என்று வாரம் முழுக்க வந்தது. சங்கரன்கோவில்காரர் ஒருவர் மாதம் இரண்டு தடவை கத்தரிக்கோலோடு வந்து முடி வெட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆனால் முப்பது நாற்பது வண்டிகள் வரிசையாக மணலில் இறங்கின, அதில் நாலைந்து வழியில் புதைந்தன, ஏசுவடியான் வழக்கம்போலச் சுற்றி வந்து குனிந்து பார்த்து இழுத்துவிட்டார், இழுத்த ஒவ்வொன்றும் வந்தது, ஒவ்வொன்று வரும்போதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், தண்டபாணி நின்ற இடத்தில் நிற்கிறவன் என்பதால் எல்லா ஆட்டத்துக்கும் அவனே அம்பயர். பிறந்தநாள் கேக் அங்கே வெட்டினார்கள். பெரியவர்கள் தனித்தனியாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்டாட்டியிடம் சொல்லாததை, கூடப் பிறந்தவனிடம் சொல்லாததை எல்லாம் அவனிடம் சொன்னார்கள், எங்கேயும் போக முடியாத ஒருவனிடம் சொல்வது அவர்களுக்கு இலேசாக இருந்தது. அவனும் கேட்டுக்கொண்டான், அப்படிங்களா என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்தார். "தேங்காய ஒடைக்கறதுன்னா ஒடச்சுச் சட்னி அரைங்க சார்," என்று தண்டபாணி அவரை அனுப்பிவிட்டான்.

பிப்ரவரி கடைசியில் அவனுடைய மனைவி கோகிலவாணி விசிட் விசாவில் வந்தாள். ஏசுவடியான்தான் ஏர்போர்ட்டுக்குப் போனார். வழி முழுக்கச் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவர், அவளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பிரயாணம் சௌகரியமா என்று மட்டும் கேட்டார். மூன்று மணி நேரம் வண்டி ஓடியது. தார்ச்சாலை முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில், காற்றை இறக்க அவர் வண்டியை நிறுத்தியபோது, "நல்லா சாப்படறாருங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுதான்ம்மா."

"உங்களால ஒண்ணும் பண்ண முடியலீங்களா? உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவாருங். எங்க மாட்டுனாலும் ஏசண்ணன் இருக்கறாருன்னு."

அவர் டயர் அருகே குந்தி, காற்று இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புருஷனைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "ஏனுங்க மாமா, இத்தன வெயில்ல தலைக்கு ஒரு துண்டுகூடக் கட்டாம," என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் திட்டினாள், அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷத்தில், வருஷத்துக்கு நாற்பது நாள் லீவு என்று சேர்ந்து இருந்தவர்கள் அவர்கள், அந்த நாற்பதிலும் பாதி நாள் உறவுக்காரர் வீடுகளுக்கே போய்விடும். இப்போது மூன்று மாதம் அந்தக் கூடாரத்தில் இருந்தார்கள். அவள் கம்பங்களி கிண்டினாள், கொள்ளு ரசம் வைத்தாள், ஹமத்தின் பெண்டாட்டியும் அவளும் ஒரு சொல்லும் பொதுவில் இல்லாமல் மோரையும் முறுக்கையும் மாற்றிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை போகும்போது ஏசுவடியான் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிட்டே போவார். தண்டபாணிக்கு முகத்தில் சதை பிடித்திருந்தது. "அண்ணா, வாணி தூக்கத்துல பேசுவாங்ணா," என்று ஒருநாள் அவரிடம் இரகசியமாகச் சொன்னான். "பதினாலு வருஷத்துல இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுதுங்."

ஏப்ரலில் வெயில் ஏறியது. பள்ளிக்கூடப் பரீட்சை வந்தது. முறை வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வேறு யாரையாவது பார்க்கச் சொல்லின, யார் மீதும் குற்றமில்லை, போய்வர ஆறு மணி நேரம், வண்டிக்குள்ளேயே பிள்ளைகளுக்கு மயக்கம் வந்தது. தென்மேற்கிலிருந்து காற்று தொடங்கியது. தண்டபாணிக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி எப்போதும் நின்ற பெரிய மணல்மேடு இப்போது நாற்பது அடியில் இருந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் கோகிலவாணியின் விசா முடிந்தது. ஒருமுறை நீட்டியாகிவிட்டது, மறுபடி நீட்ட வழியில்லை, ஊரில் பன்னிரண்டு வயதுப் பெண் மிருதுளா சித்தி வீட்டில் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறாள். கிளம்புகிற நாளுக்கு முந்தைய நாள் காலை, ஏசுவடியான் போய் இறங்கியபோது, அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புருஷனுக்கு வலதுபக்கம், அவன் பாதத்தை ஒட்டித் தன் பாதத்தை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மணல் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஹபீபுல்லா குடை பிடிக்கப் போனார், வேண்டாம் என்றாள். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை மணலுக்குள் அழுத்திக்கொண்டு, மத்தியானம் முழுக்க நின்றாள். தண்டபாணி கெஞ்சினான், அதட்டினான், பிறகு அவனும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் சாய்ந்தபோது அவள் கண்ணைத் திறந்து வலதுகாலைத் தூக்கினாள். வந்தது. இடதுகாலைத் தூக்கினாள். அதுவும் வந்தது, வெறும் மணலிலிருந்து யாருடைய காலும் வருவது போல அவ்வளவு சுலபமாக. அப்போதுதான் அவள் அழுதாள், வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம், மணலைக் கையால் அடித்து அடித்து, "என்னைய மட்டும் ஏன் வேண்டாங்குது, என்னைய மட்டும் ஏன் வேண்டாங்குது," என்று அழுதாள். ஏசுவடியான் வண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு கயிற்றை மறுபடி மறுபடி இறுக்கினார்.

மறுநாள் போகும்போது தண்டபாணி அவளிடம், "திரும்பிப் பாக்காதீங்க அம்மிணி, முன்னாடி பாத்துப் போங்க," என்றான். அவள் திரும்பித்தான் பார்த்தாள், மேடு மறைக்கும் வரை.

ஜூன் மாதம் மேடு அவனுடைய முதுகைத் தொட்டது. தமிழ்ச் சங்கத்தில் சொல்லி, முதல் வெள்ளிக்கிழமை அறுபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள், சாயங்காலத்துக்குள் அவனைச் சுற்றி ஒரு முற்றம் அளவுக்கு இடம் பண்ணிவிட்டுக் கைதட்டிக்கொண்டு போனார்கள், காலையில் அந்த முற்றம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இருபது பேர் வந்தார்கள். அதற்கடுத்து ஏழு பேர். பிறகு ஏசுவடியானும் ஹபீபுல்லாவும் ஹமத்தும் மட்டும். மஸ்கட்டில் இருந்தவர்கள் ஏசுவடியானை எதிரே பார்த்தால் நலம் விசாரித்துவிட்டு, தண்டபாணியின் பெயர் வருவதற்கு முன்னால் வேறு பேச்சுக்குப் போனார்கள். அவர் கராஜில் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினார். ஹமத்தின் ஜனங்களிடம் போய், ஒருமுறை, ஒரே ஒருமுறை முழு பலத்தோடு இழுத்துப் பார்க்கட்டுமா, எல்லாருடைய கிணற்றையும் தானே திரும்பத் தோண்டித் தருகிறேன் என்று கேட்டார். ஹமத்தின் அண்ணன் காவா என்ற கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கிணறு போனால் தோண்டலாம். எங்கள் முன்னோரைப் புதைத்த கபர்களும் இதே மணலில்தான் இருக்கின்றன," என்றான். அதற்கு மேல் ஏசுவடியான் கேட்கவில்லை.

மேடு முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நாற்காலியும் கட்டிலும் உள்ளே போயின. ஜூலை பதினோராம் தேதி மத்தியானம் மணல் அவன் நெஞ்சில் இருந்தது. ஏசுவடியான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாரிக்கொண்டிருந்தார், ஒரு வீச்சு வாரினால் இரண்டு வீச்சு வந்து விழுந்தது, உள்ளங்கைத் தோல் உரிந்து மண்வெட்டிக் கம்பு சிவப்பாக இருந்தது. காற்று, சலிக்காமல், கோபமும் இல்லாமல், தன் பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது.

"அண்ணா, மம்முட்டியக் கீழ வச்சுருங்க."

"பேசாம இருடே."

"வச்சுருங்கண்ணா. வாணிக்கு போன் போட்டுக் குடுங்க."

அவர் இன்னும் பத்து வீச்சு வாரினார். பிறகு மண்வெட்டி தானாகக் கையிலிருந்து விழுந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து, போனை எடுத்துக் கோகிலவாணியைக் கூப்பிட்டு, தண்டபாணியின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவன் அவளிடம் ஒன்றையும் சொல்லவில்லை. "சும்மா பேசு வாணி, கேட்டுக்கிட்டு இருக்கறன்," என்று மட்டும் சொன்னான். அவள் பேசினாள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றாள், செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரி, மிருதுளா சைக்கிள் ஓட்டப் பழகி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள், மேற்கால வீட்டில் கிரகப்பிரவேசம், அரக்குச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. மணல் கழுத்துக்கு வந்தது. அவன் ஏசுவடியானைப் பார்த்து, போகட்டும் என்பது போல இமையை ஒருமுறை மூடித் திறந்தான். மணல் வாயை எட்டியபோது வாயை மூடிக்கொண்டான். அவள் தையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவன் கண்கள் சிரித்தன, பிறகு கண்களும் தெரியவில்லை. போனைப் பிடித்திருந்த கையை ஏசுவடியான் எடுக்கவில்லை, மணல் அவருடைய விரலை மூடியது, மணிக்கட்டை மூடியது, முழங்கையை மூடியது, உள்ளே அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹபீபுல்லா அவரைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கை வெறுங்கையாக வந்தது.

போனில் சார்ஜ் தீரும்வரை, மறுநாள் காலை வரை, தான் பேசிக்கொண்டே இருந்ததாகவும் மறுமுனையில் மூச்சு கேட்டதாகவும் கோகிலவாணி பிற்பாடு சொன்னாள்.

மஸ்கட்டில் ஒரு கூட்டம் போட்டார்கள். இரங்கல் கூட்டம் என்று அட்டையில் எழுதுவதா வேண்டாமா என்று வாக்குவாதம் வந்து, கடைசியில் 'கூட்டம்' என்று மட்டும் எழுதினார்கள், எல்லாரும் எழுந்து நின்றார்கள், எவ்வளவு நேரம் நிற்பது என்று யாருக்கும் தெரியாததால் வெகுநேரம் நின்றார்கள். தாராபுரத்தில் பங்காளிகள் வந்து காரியம் செய்யவேண்டும் என்றார்கள். கோகிலவாணி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "செத்தவங்க படுத்திருப்பாங்க. அவரு நின்னுக்கிட்டு இருக்கறாருங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹமத்தான் கணக்குச் சொன்னான். அந்த மேடு வருஷத்துக்கு அறுபது அடி நகரும், அதன் அகலம் ஐந்நூற்று நாற்பது அடி, அப்படியானால் முன்னால் போன மேட்டின் பின்புறத்திலிருந்து ஒன்பதாவது வருஷம் அவன் தலை வெளியே தெரியும், அவன் நகரவில்லை, மேடுதானே அவன் மேல் நடந்து போகிறது. தெரிந்தபின் எப்படி இருப்பான் என்று ஹபீபுல்லா கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்றான். ஏசுவடியான் ஊருக்குப் போய்விடுவது என்று இருந்தவர், விசாவைப் புதுப்பித்துக்கொண்டார். வண்டி புதைந்தது என்று யாராவது கூப்பிட்டால் போனார், இழுத்தார், வந்தது, ஆனால் நன்றி சொல்ல அவர்கள் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டிருப்பார். வாரம் ஒருமுறை மேட்டுக்குப் போனார். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. மேட்டைச் சுற்றி நடந்தார், உட்கார்ந்தார், சில சமயம் மணலில் காதை வைத்துப் பார்த்தார், காற்றின் சத்தம்தான்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் போனபோது, மேட்டின் முன்சரிவில், தண்டபாணி பின்னாளில் வெளியே வரவேண்டிய இடத்துக்கு நேர்மேலே, சிவப்புப் பெயின்ட் அடித்த மரக்கட்டைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. மூன்றுகால் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். தமிழன்தான், விருத்தாசலத்துக்காரன், மதியழகன் என்று பெயர் சொன்னான், ரோடு போடுகிற கம்பெனியில் சர்வேயர், இரண்டு பிள்ளைகள் ஊரில்.

"தம்பி, இங்க ஒரு ஆள் வருவான்," என்றார் ஏசுவடியான்.

"எப்ப சார்?"

"எட்டரை வருஷத்துல. முன்னப் பின்ன ஆகலாம்."

மதியழகன் கருவியிலிருந்து கண்ணை எடுத்தான். மேட்டைப் பார்த்தான், அவருடைய தழும்பேறிய கைகளைப் பார்த்தான். "கேள்விப்பட்டிருக்கேன், நீங்கதானா சார் அது," என்றான்.

அவர் தலையாட்டினார்.

"ரோடு இதுமேலதான் சார் போவுது. கோடு போட்டவங்க வேற. நான் சொன்னா மாத்த மாட்டாங்க."

"தெரியும்."

"நான் ரெண்டு கட்டைய நவுத்தி வச்சாலும் அடுத்தது வர்றவன் பாத்துட்டுச் சரி பண்ணிடுவான் சார்."

"தெரியும் தம்பி."

காற்று இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் மணலைக் கொண்டுபோயிற்று. மதியழகன் கருவியை விட்டுவிட்டு வந்து, குந்தி உட்கார்ந்து, கட்டையைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். கையில் வைத்துக்கொண்டு எழுந்து, "அவருக்கு எவ்ளோ இடம் வேணும் சார்?" என்று கேட்டான்.

ஏசுவடியான் அதை யோசித்ததே இல்லை. அந்த இடத்தில் போய் நின்று பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்தார், ஓர் ஆள் விரித்தால் இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு போதாது என்று அவருக்குத் தோன்றியது, ஒன்பது வருஷம் நின்றவன் வெளியே வந்தால் முதலில் நடக்கத்தான் பார்ப்பான். எவ்வளவு தூரம் நடப்பான் என்று தெரியவில்லை. அவர் கைகளை இறக்கிவிட்டு, ஒரு எட்டு வைத்தார், இரண்டாவது வைத்தார், பிறகு நடந்தார், பத்து எட்டு, இருபது எட்டு, கட்டைகளின் வரிசையைத் தாண்டி, முட்செடிகளைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார். கையில் கட்டையோடு மதியழகன் அவர் பின்னாலேயே வந்தான், போதும் என்று சொல்லாமல்.